ஹெனிக்கரில் ஒரு 'உஸ்ஸ்ஸ்...'

உஸ்ஸ்ஸ்ஸ்...

ராத்திரி பத்து மணி. அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், நாஷுவா என்கிற ஊரில், மகள் வீட்டு மாடியறையில் ரெண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடந்த என் காதில் அந்தச் சத்தம் விழுந்ததும் தூக்கம் போயே போச்சு. முப்பத்தாறு வருஷம் கும்பகோணத்தில் பஸ் டெப்போ ஒர்க்‌ஷாப்பில் ஏர் பிரேக் பார்த்தவன் நான். மனைவி மூணு தடவை கூப்பிட்டால்கூடக் காதில் விழாது. காற்று கசிகிற சத்தம் மட்டும் மூணு சுவர் தாண்டிக் கேட்கும். (இதை என் மனைவி போகிற கல்யாண வீட்டிலெல்லாம் சொல்லியாச்சு.)

சத்தம் கீழே கார் ஷெட்டிலிருந்து வந்தது. மெள்ள இறங்கிப்போய்ப் பார்த்தால், பேரன் விக்கி கையில் கறுப்பாக ஒரு துப்பாக்கி! அடிவயிறு கலங்கிவிட்டது.

"டேய்! என்னடா இது, துப்பாக்கியெல்லாம்?"

"துப்பாக்கி இல்லை தாத்தா. மார்க்கர்."

பதினாலு வயசுப் பையன். நான் வந்து இறங்கி மூணு வாரம் ஆகியிருந்தது. அதுவரை எங்களுக்குள் நடந்த மொத்த உரையாடல் 'ஹாய் தாத்தா', 'பை தாத்தா' ரெண்டும்தான். இடையில் ஒருநாள் 'தாத்தா, வைஃபை வேணுமா?' என்று கேட்டான். நான் அதை ஏதோ பலகாரம் என்று நினைத்து, 'வேணாம்ப்பா, வயிறு சரியில்லை' என்று சொல்லிவிட்டேன். அதோடு சரி.

அந்த 2022 அக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பிறந்த நாள். ஆறு நண்பர்களோடு பெயின்ட்பால் ஆடப் போவதாக ஏற்பாடு. சாய உருண்டையால் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொள்கிற விளையாட்டு. ஆசை ஆசையாகச் செகண்ட் ஹாண்டில் ஒரு மார்க்கரும், யாரோ வீட்டு வாசலில் போட்டு விற்ற ஒரு வாயு பாட்டிலும் வாங்கி வைத்திருந்தான். மாட்டினால் உஸ்ஸ்ஸ்... பாட்டில் அரை மணியில் காலியாகிவிடும் போலிருந்தது.

"விடுடா. நாளைக்கு அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கலாம்" என்றார் மாப்பிள்ளை, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விக்கி ஒண்ணும் சொல்லவில்லை. ஆனால் அவன் முகம் போன போக்கு இருக்கே... எங்க அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்த பழைய சைக்கிளின் ட்யூப் திருவிழா அன்றைக்கு வெடித்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"கொண்டாடா இங்கே. ஒரு கிண்ணத்துல பாத்திரம் கழுவுற சோப்பைக் கரைச்சு எடுத்துக்கிட்டு வா. கூடவே ஒரு பிரஷ்" என்றேன்.

"சோப்பா?"

"ஆமாம்டா. காத்து எங்கே போகுதுன்னு சோப்புத் தண்ணிதான் சொல்லும். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

பஸ்ஸின் பிரேக்கில் இருப்பது ஏறக்குறைய எட்டு கிலோ அழுத்தம். பாட்டிலில் எத்தனை என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். உள்ளே இருப்பது கரியமில வாயு, திரவமாக அடைத்தது, அறை வெப்பத்தில் சுமார் 850 பி.எஸ்.ஐ. என்றார். கணக்குப் போட்டேன். அறுபது கிலோ! உட்கார்ந்திருந்த ஸ்டூலை ஓர் அடி பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

முதல் கசிவு குழாய் வாய் வழியாக வந்தது. வால்வு போச்சு என்றுதான் நினைத்தேன். பிரிக்கலாம் என்று கையைத் தேய்த்துக்கொண்டபோது, கூட வந்திருந்த கையேட்டைப் படித்துப் பார்த்த விக்கி அசடு வழிந்தான். விஷயம் இதுதான். உள்ளே ஸ்பிரிங் தள்ளுகிற ஓர் இரும்புச் சுத்தி இருக்கிறது. பின்பக்கக் குமிழை இழுத்து அந்தச் சுத்தியைக் கொக்கியில் மாட்டின பிறகுதான் பாட்டிலைத் திருகவேண்டும். மாட்டாமல் திருகினால் சுத்தி வால்வின் மேல் சாய்ந்துகொண்டு, அதைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கும். எங்க டெப்போவில் ஒரு டிரைவர் பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே 'ஏர் நிக்கலை' என்று புஸ்தகத்தில் எழுதுவார். அந்தக் கதைதான். குமிழை இழுத்ததும் குழாய்ச் சத்தம் நின்றது. அப்படியும் நிற்காமல் இருந்திருந்தால், வால்வு உட்காரும் இடத்தில் தூசியோ தேய்மானமோ இருக்கிறது என்று அர்த்தம். பிரித்துத்தான் ஆகவேண்டும். தப்பித்தோம்.

ரெண்டாவது கசிவு பாட்டில் மாட்டுகிற வாயில். பிரஷ்ஷால் தடவியதும் குழந்தைகள் ஊதுகிற மாதிரி கொத்துக் கொத்தாகக் குமிழி. கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங் ஊறவைத்த உளுந்து மாதிரி உப்பி, ஓரத்தில் கீறல் விட்டிருந்தது. கரியமில வாயு அழுத்தத்தில் ரப்பருக்குள்ளேயே புகுந்துவிடும். அழுத்தத்தைச் சட்டென்று விட்டால் உள்ளே போனது வெளியே வர வழி தேடி ரப்பரையே கிழித்துவிடும். யூரித்தேன் ரிங் என்றால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். ஒரு பாக்கெட் உதிரி ரிங் இருந்தது. புதுசு போட்டோம். சத்தம் பாதியானது.

பாதிதான். மிச்சம் இருந்தது ஹோஸ் பைப் இணைப்பில். காதுக்கே எட்டவில்லை. சோப்பு நுரையில் கடுகு அளவு ஒரு குமிழி, வரும், உடையும், வரும். அந்தக் கடுகைக் கண்டுபிடித்தபோது விக்கி என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தான் என்பதை அப்போதுதான் கவனித்தேன். நட்டைக் கழற்றி, மரை மேல் டெஃப்ளான் டேப்பைச் சுற்றச் சொன்னேன். அவன் எதிர்ப்பக்கமாகச் சுற்றினான். "முறுக்குற பக்கமே சுத்தணும்டா. இல்லேன்னா நீ நட்டை ஏத்த ஏத்த அது பிரிஞ்சுக்கிட்டே வரும்." திருப்பிச் சுற்றினான்.

கடைசியாக எண்ணெய். பாட்டில் மாட்டும் வாயில் நாலு சொட்டு விட்டு, உருண்டை போடாமல் பத்துத் தடவை சுட்டால் வாயுவே எண்ணெயை உள்ளே எல்லா வாஷருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நான் சமையலறைத் தேங்காய் எண்ணெயை எடுத்துவந்தேன். அது ஷெட் குளிரில் கல்லாக உறைந்து, பாட்டிலைக் கவிழ்த்தாலும் வருவேனா என்றது! அதுக்கென்றே விற்கிற எண்ணெய் ஒரு குப்பி இருந்ததால் என் மானம் பிழைத்தது.

எல்லாம் முடிந்தபின், மகளிடமிருந்து சிவப்பு நகப்பூச்சு வாங்கி வரச் சொன்னேன். பாட்டில் கழுத்தில் ஆரம்பித்து, அதன் தலையில் இருக்கும் பித்தளை வால்வு வரை நேராக ஒரே கோடு இழுத்தேன்.

"இது எதுக்கு தாத்தா?"

"எங்க டெப்போவில பெரிய நட்டை முறுக்கினா மேல ஒரு பெயின்ட் கோடு போட்டுடுவோம். நட்டு அசைஞ்சா கோடு விலகிடும். பார்த்த உடனே தெரியும்."

விக்கி சிரித்தான். "துப்பாக்கிக்கு நெயில் பாலிஷ்! ஃப்ரெண்ட்ஸ் பார்த்தா சிரிப்பாங்க."

"அடடே... நீயே துப்பாக்கின்னு சொல்லிட்டே பாரு!"

மறுநாள் காலை ரெண்டு காரில் கிளம்பினோம். ஒரு மணி நேரப் பயணம். அக்டோபரில் நியூ ஹாம்ப்ஷயர் மலைகளைப் பார்க்கவேண்டும். மேப்பிள் மரங்கள் குங்குமம், மஞ்சள், செங்காவி என்று தீப்பிடித்த மாதிரி நிற்கின்றன. நம்ம ஊரில் இலை உதிர்ந்தால் பெருக்கித் தள்ளுவோம். இங்கே அதைப் பார்க்கிறதுக்கென்றே வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

வழியில் ஹெனிக்கர் என்று ஒரு சின்ன ஊர். 'பூமியிலேயே ஒரே ஹெனிக்கர்' என்று பெருமை அடித்துக்கொள்கிற ஊர். (கும்பகோணமும் ஒண்ணுதான். நாம் அடித்துக்கொள்வதில்லை.) காண்டுகுக் என்கிற ஆறு, அதன்மேல் கூரை போட்ட மரப் பாலம். பாலத்துக்கு எதுக்குக் கூரை என்று கேட்டேன். மழையும் பனியும் மரத்தை உளுக்க வைக்காமல் இருக்கத்தானாம். நியாயம்தான். காப்பி குடித்துக்கொண்டே மாப்பிள்ளை சொன்ன கதையில் நான் அசந்துபோனேன். இந்த விளையாட்டே பிறந்தது இந்த ஊர்க் காட்டில்தான்!

சார்லஸ் கெய்ன்ஸ் என்று ஓர் எழுத்தாளர், ஹேய்ஸ் நோயல் என்று நியூயார்க்கின் பங்குச் சந்தைக்காரர். ரெண்டு பேருக்கும் ஒரு வாக்குவாதம். காட்டில் விட்டால் தப்பிப் பிழைக்கிறவன் நகரத்து ஆளா, நாட்டுப்புறத்து ஆளா? நம்ம ஊராக இருந்தால் பட்டிமன்றம் வைத்து, நடுவர் 'ரெண்டு பேருமே' என்று சொல்லிப் பொன்னாடையோடு முடித்திருப்பார். அமெரிக்கர்கள் ஆகையால் பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த ஆயுதம் நெல்ஸ்பாட் 007. பெயரைப் பார்த்து ஜேம்ஸ்பாண்ட் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். வெட்டவேண்டிய மரத்துக்கும், மந்தையில் பிரிக்கவேண்டிய மாட்டுக்கும் தூரத்திலிருந்தே சாய அடையாளம் போட, நெல்சன் என்கிற பெயின்ட் கம்பெனி விற்ற கருவி. 'மார்க்கர்' என்று விக்கி அடம் பிடித்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

பாப் கர்ன்ஸி என்கிற இன்னொரு நண்பர் விதிமுறை எழுத, 1981 ஜூன் 27-ம் தேதி பன்னிரண்டு பேர் காட்டுக்குள் இறங்கினார்கள். ஆளுக்கொரு கருவி. யார் கண்ணிலும் படாமல், யாரிடமும் அடிபடாமல் கொடிகளைச் சேகரித்துக்கொண்டு வெளியே வரவேண்டும். ஜெயித்தவர் ரிச்சி ஒயிட் என்கிற காட்டுத் தொழில்காரர். இதிலே வேடிக்கை, அவர் ஒரு தடவைகூடச் சுடவே இல்லை! சத்தமில்லாமல் நடந்துபோய்க் கொடிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இதைக் கேட்டதும் எனக்கு அந்த மனுஷன் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. விக்கியிடம் சொன்னேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஆயிரம் உருண்டை வாங்கி வைத்திருந்தானே!

மைதானம் ஒரு காட்டுச் சரிவு. முதலில் கையெழுத்து. மாப்பிள்ளை போட்ட கையெழுத்துகளைப் பார்த்தால் வீட்டை எழுதிக்கொடுக்கிறாரோ என்று தோன்றியது. அடுத்தது முகமூடி. களத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவும் கழற்றக்கூடாது, கண்ணாடியில் ஆவி படிந்தாலும் வெளியே வந்துதான் துடைக்கவேண்டும். உடம்பில் பட்டால் பட்டாணி அளவு கன்றிப்போவதோடு சரி. கண்ணில் பட்டால் கண் போய்விடும். உருண்டை .68 அங்குலம், ஜெலட்டின் தோலுக்குள் சாயம். மருந்துக்கடையில் மீன் எண்ணெய் மாத்திரை விற்கிறார்களே, அதே தொழில்நுட்பம். மாத்திரைதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. வினாடிக்கு 300 அடி என்றால் மணிக்கு 330 கிலோமீட்டர்!

ஆகவே களத்துக்குள் போகுமுன் ஒவ்வொரு மார்க்கரையும் வேகமானியில் சுட்டுக் காட்டவேண்டும். 300-க்கு மேல் எங்கேயும் விடமாட்டார்கள். இந்த மைதானத்தில் 280. விக்கி சுட்டான். 245. மறுபடி, 238. பையன் முகம் வாடியது.

"ரிப்பேர் பண்ணதுல ஏதோ தப்பு தாத்தா."

தப்பு எங்களுடையது அல்ல, சூரியனுடையது. வெளியே ஐந்து டிகிரி. கரியமில வாயுவின் அழுத்தம் குளிருக்கு அடங்கும். அறைக்குள் அறுபது கிலோ இருந்தது அந்தக் காலையில் நாற்பதுக்கு இறங்கியிருக்கும். மார்க்கரின் பக்கவாட்டில் வேகத் திருகாணி இருக்கிறது. இந்த ரகத்தில் அது வாயு போகிற வழியை அடைக்கும் கட்டை. உள்ளே முறுக்கினால் வேகம் குறையும், வெளியே எடுத்தால் கூடும். (வேறு ரகங்களில் நேர்மாறாகவும் இருக்கும், பார்த்துத் திருகணும்.) கால் சுற்று, சுடு, எண்ணைப் பார். மறுபடி கால் சுற்று. ஒரு தடவை சுட்ட எண்ணை நம்பாதே, மூணு தடவை சுட்டு மூணும் கிட்டத்தட்ட நின்றால்தான் நம்பு என்று அவனுக்குச் சொன்னேன். 272, 269, 274. நின்றது.

உருண்டைக்கும் குழாய்க்கும் பொருத்தம் பார்ப்பதை அங்கிருந்த ரிப்பேர்க்காரர் சொல்லிக் கொடுத்தார். குழாயைக் கழற்றி ஒரு உருண்டையை உள்ளே போடு. தானாக உருண்டு விழுந்தால் குழாய் பெரிசு. வாயால் ஒரு ஊது ஊதினால் வெளியே வந்து விழணும். வரவில்லை என்றால் சிறிசு, உள்ளேயே உடைந்து சாயம் அப்பிக்கொள்ளும். ஜாதகப் பொருத்தம்கூட இவ்வளவு சுலபமாகப் பார்க்க முடியாது.

பையன்கள் காட்டுக்குள் ஓடினார்கள். 'டப் டப் டப்' சத்தம், நடுநடுவே கூச்சல். நான் வலைக்கு இந்தப் பக்கம் முகமூடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் ஆட்டத்தில் ரெண்டே நிமிஷத்தில் நெற்றியில் ஆரஞ்சுச் சாயத்தோடு விக்கி வெளியே வந்தான். தெய்வானுபவம் மாதிரி ஒரு சிரிப்பு. விடாமல் சடசடவென்று சுட்டதில் மார்க்கர் பனிக்கட்டியாகச் சில்லிட்டு, குழாயிலிருந்து வெள்ளைப் புகை. வாயு திரவமாகவே உள்ளே ஏறுகிறது. வேகமும் படுத்துவிட்டது. "விட்டு விட்டுச் சுடு. பாட்டிலைத் தூக்கிப் பிடிக்காதே" என்றேன். ரெண்டாவது ஆட்டத்தில் பதினைந்து நிமிஷம் தாக்குப் பிடித்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு மார்க்கரை வெயிலில் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனான். திரும்பி வந்ததும் மஞ்சள் சட்டை நடுவர் மறுபடி வேகம் பார்க்கச் சொன்னார். 304! காலையில் குளிருக்காகத் திறந்துவிட்ட திருகாணி மதியத்து வெயிலில் எமனாகிவிட்டது. 'எதுக்கு ரெண்டு தடவை?' என்று நான் காலையில் அலுத்துக்கொண்டது தப்பு. மறுபடி உள்ளே முறுக்கி 270-க்குக் கொண்டுவந்தோம். அந்தச் சந்தடியில் என்னையும் ஒரு தடவை சுடச் சொன்னார்கள். எதிரே தட்டு, டப்பா என்று ஏகப்பட்ட குறிகள். நான் தட்டைக் குறிவைத்தேன். பத்தடி தள்ளி நின்ற மரத்தில் பட்டது. பூர்வீக உபயோகம்!

நாலு மணிக்கு ஆட்டம் முடிந்தது. விக்கி மேஜையருகே வந்து பாட்டிலைக் கழற்ற ஆரம்பித்தான். களைப்பு, சந்தோஷம், நண்பர்களோடு பேச்சு. கை தன்பாட்டுக்குத் திருகிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஆறு பையன்கள். எனக்கு அவர்கள் இங்கிலீஷ் பாதி புரியாது. ஆகவே அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்புக் கோடு ரெண்டாக உடைந்திருந்தது.

பாட்டிலின் கோடு இங்கே, பித்தளைத் தலையின் கோடு அரை அங்குலம் தள்ளி அங்கே. மார்க்கரிலிருந்து வால்வு கழலவில்லை. வால்விலிருந்து பாட்டில் கழன்றுகொண்டிருந்தது!

"டேய்! கையை எடுக்காதே! திருகாதே! அப்படியே நில்லு!"

டெப்போவில் பஸ்ஸுக்கு அடியில் ஆள் இருக்கும்போது எவனாவது வண்டியை ஸ்டார்ட் செய்யப் போனால் போடுகிற குரல் அது. பிள்ளைகள் அத்தனை பேரும் சிலையாகிவிட்டார்கள். தமிழ் தெரியாத ஆறு பேருக்கும் அது புரிந்துவிட்டது.

ரிப்பேர்க்காரர் ஓடிவந்தார். பெரிய தாடி, பெரிய கை. கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு மார்க்கரை அப்படியே வாங்கிக்கொண்டு போய், ஒரு மண்மேட்டைப் பார்த்துச் சுட்டுச் சுட்டே மிச்ச வாயுவைத் தீர்த்தார். பாட்டில் காலியானது தெரிந்தபிறகுதான் பிரித்தார். அப்புறம்தான் எனக்கும் மாப்பிள்ளைக்கும் விளக்கினார். பழைய சொந்தக்காரர் யாரோ வால்வைக் கழற்றிவிட்டு, அதைப் பிடித்துவைக்கும் பசை போடாமல் சும்மா திருகியிருக்கிறார். பாட்டிலும் வால்வும் பிரிந்தால் வால்வு மார்க்கரோடு நிற்கும், பாட்டில் ராக்கெட்டாகப் பறக்கும். அப்படிப் பறந்த பாட்டில் பட்டு அமெரிக்காவில் உயிரே போயிருக்கிறது. அரசாங்கத்தின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே 2004-ல் இதற்காக எச்சரிக்கை விட்டிருக்கிறது.

இன்னும் நாலைந்து மரைதான் பிடித்துக்கொண்டிருந்ததாம்.

மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சற்று நேரம் கழித்து, "மாமா, இதை வீட்டிலே சொல்ல வேண்டாம்" என்றார். (இதை மகள் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். அவள் தமிழ் படித்துப் பல வருஷம் ஆச்சு.)

தாடிக்காரர் அந்தப் பாட்டிலைத் திருப்பித் தரவில்லை. புதுசு ஒன்று எடுத்து வந்தார். நான் காசு கொடுக்கப்போனபோது, தன் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பெயின்ட் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்து, பாட்டிலைக் காட்டினார். கழுத்திலிருந்து வால்வு வரை நான் கோடு போட்டேன். கை நடுங்கியதால் கொஞ்சம் கோணல்.

திரும்பி வரும்போது விக்கி முன்சீட்டில் உட்காரவில்லை. பின்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஹெனிக்கர் பாலம் வரை ஒண்ணும் பேசவில்லை. பிறகு, "தாத்தா, அந்த டிரைவர் கதையை மறுபடி சொல்லுங்க, பெடல் மேல கால் வெச்சிருந்தாரே..." என்றான். நாஷுவா வருகிற வரைக்கும் டெப்போ கதைதான்.

நான் கும்பகோணம் திரும்பி ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆச்சு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரைக்கு, அங்கே காலையில், விளையாடக் கிளம்புமுன் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவான். பாட்டிலை மாட்டிவிட்டுப் போனை மார்க்கர் பக்கத்தில் வைப்பான்.

"தாத்தா, ஏதாவது கேக்குதா?"

நான் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவேன்.

"ஒண்ணும் கேக்கலையேடா."

"தேங்க்ஸ் தாத்தா!" என்று வைத்துவிடுவான்.